கூடைக்குள் ஒரு கல்வத்

சிரிப்பு கடைசியில்தான் வரும். அதுவரை வாயை இறுக மூடிக்கொண்டிருங்கள். நான் தர்கா வேப்பமரத்துக் கிளி. யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன்.

ஒரு நாள் தர்காச் சேவல் என்னிடம், “நஃப்ஸை அடக்கப் போறேன் தம்பி. எனக்குள்ள இருக்கிற இந்த ‘நான்’ அழியணும்,” என்றது. கவிழ்த்த கூடைக்குள் புகுந்து, தனிமையில் தியானிக்கும் கல்வத்தைத் தொடங்கியது. துணைக்கு ஒரு கிண்ணம் கம்பும் உள்ளே போனது.

தர்காவின் குருவான ஹஸ்ரத் தொழப் போன நேரம் பார்த்து, அவர் மாதிரியே இருமிவிட்டுக் கேட்டேன்.

“மகனே, பசி அடங்கியதா?”

“அடங்கிடுச்சு ஹஸ்ரத்.”

“அப்புறம் கம்பு எதற்கு?”

கூடைக்கு அடியிலிருந்து கிண்ணம் மெதுவாக வெளியே வந்தது. நான் கொறிக்க ஆரம்பித்தேன்.

“பெருமை?”

“அது எப்பவோ போச்சு. இந்த ஊரிலேயே என்னளவுக்குப் பெருமை இல்லாத சேவல் வேற கிடையாது ஹஸ்ரத்.”

சிரிப்பை அடக்க இன்னொரு வாய் கம்பை அள்ளிப் போட்டுக்கொண்டேன். கூடைக்குள் சேவலின் வயிறு கூவியது.

“ஹஸ்ரத்.”

“சொல் மகனே.”

“நீங்க இன்னைக்கு நோன்பாச்சே. என்னமோ கொறிக்கிற சத்தம் கேக்குது?”

நான் விழுங்கினேன்.

“டேய் கிளி,” என்றது கூடை.