சீனாய்ச் சாலை

விசுவாசம் பலப்படட்டும் என்றுதான் வேதாகமக் கல்லூரி மாணவி ஜாய்ஸ்லினைச் சக மாணவர்களோடு எகிப்துக்கு அனுப்பினார்கள். சீனாய்ப் பாலைவனத்தில், நண்பகலில், அவர்கள் சென்ற பேருந்து பழுதாகி நின்றது. கைப்பேசிகளில் சிக்னல் இல்லை. ஜாய்ஸ்லின் வெயிலில் மயங்கினாள். ஓட்டுநர் மன்சூர் தன்னிடமிருந்த தண்ணீர் முழுவதையும் அவளுக்குப் புகட்டிவிட்டு, உதவி தேடித் தனியே நடந்தார். மற்றவர்கள் முழங்காலிட்டு ஜெபித்தார்கள்.

மாலையில் ராணுவ வண்டி வந்தது. சோதனைச்சாவடிக்கு வந்து, பேருந்து நிற்கும் இடத்தைச் சொன்னதும் மன்சூர் விழுந்து இறந்துவிட்டதாக வீரர்கள் சொன்னார்கள்.

"கர்த்தர் நம்ம ஜெபத்தக் கேட்டுட்டாரு பிள்ளைகளா. ஸ்தோத்திரம் பண்ணுவோம்" என்று உடன் வந்திருந்த பேராசிரியர் பொன்னையா கண்களை மூடினார்.

"அந்த டிரைவரும் வழியெல்லாம் வேண்டிக்கிட்டுத்தான ஐயா நடந்திருப்பாரு?" என்று கேட்டாள் ஜாய்ஸ்லின்.

பேராசிரியர் கண்களைத் திறக்கவில்லை.