கெட்டுப்போன சாம்பிள்

"மேடம், இது தேறாது. தூக்கிப் போட்டுடலாம்" என்றாள் கூடத்தில் எல்லோரும் 'வாயாடி' என்று கூப்பிடும் உதவியாளர், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"இன்னொரு துண்டு வெட்டிப் பாரு."

"இதுவே நாலாவது துண்டு மேடம்!"

"அஞ்சாவது வெட்டு."

வாயாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசுவது பேராசிரியைதானா? ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'கறார்'. இறந்தவர்கள் தானமாகத் தந்த மூளைகளைச் சேர்த்து வைக்கும் வங்கியிலிருந்து டப்பாக்கள் வரும். பெயர் இருக்காது. எண், வயது, ஆணா பெண்ணா, இறந்து எவ்வளவு நேரத்தில் உறைய வைத்தார்கள் என்ற விவரம், அவ்வளவுதான். தாமதமானது என்றால் பேராசிரியை தொடக்கூட மாட்டார். "நேரமாச்சுன்னா மூளை பொய் சொல்ல ஆரம்பிச்சிடும்மா" என்பார். இந்தக் கறாருக்காகவே வேறு வேலையை உதறிவிட்டு இவரிடம் வந்து சேர்ந்தவள் வாயாடி.

அப்படிப்பட்டவர், வங்கியில் வருடக்கணக்கில் சீந்துவாரின்றிக் கிடந்த ஒரு டப்பாவை நேரில் போய் எடுத்து வந்து, காலையிலிருந்து அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார். காரணம் ஊரறிந்த ரகசியம். நரம்பு செல்கள் ஒன்றோடொன்று கைகோக்கும் இடங்கள் முதுமையிலும் அழிவதில்லை என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. அதை வெளியிட வேண்டிய பத்திரிகை, நோயில்லாத முதியவரின் மூளை இன்னும் ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டது.

ஐந்தாவது துண்டிலும் அந்தக் கைகோக்கும் இடங்களைக் காட்டும் பச்சைப் புள்ளிகளைக் காணோம். பாசி படிந்ததுபோல் ஒரு தீற்றல்தான்.

"அந்த ஓரத்துல ரெண்டு மூணு புள்ளி தெரியற மாதிரி இல்ல?" பேராசிரியையின் குரல் கெஞ்சியது.

வாயாடிக்கு உடம்பு கூசிப்போயிற்று. பக்கத்து மேஜைக்காரர் காதில் விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, அவர் சாப்பிடப் போயிருந்தார். 'எங்க மேடம் மாதிரி ஒருத்தரைப் பார்க்கவே முடியாது' என்று வீட்டில் அளந்துவிட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. இனி அவர்கள் எதிரில் முகத்தை எங்கே கொண்டு வைத்துக்கொள்வது?

"அது தூசி மேடம்."

"தூசியா?"

"தூசிக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் உங்களுக்கா தெரியாது?"

பேராசிரியை தலையைக் குனிந்துகொண்டார். கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் நின்றார். அதைப் பார்க்கச் சகிக்காமல் வாயாடி கையுறையைக் கழற்றி மேஜைமேல் போட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இதைக் கணக்குல சேர்த்தீங்கன்னா, கட்டுரையிலேருந்து என் பேரை எடுத்துடுங்க. உங்களைப் பார்த்து இப்படிப் பேச எனக்கே வெக்கமா இருக்கு."

"யாரு சேர்க்கச் சொன்னா? பயன்படாதுன்னு எழுதிடு."

"அப்புறம் எதுக்கு அஞ்சு துண்டு வெட்டச் சொன்னீங்க?"

பேராசிரியை டப்பாவை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று வாயாடிக்கு உறுத்தியது. கோபத்தை வேறு பக்கம் திருப்பினாள்.

"உங்களைச் சொல்லிக் குத்தமில்ல மேடம். இவரோட வீட்டு ஆளுங்களைச் சொல்லணும். பாவம் மனுஷன், உசிரோட இருக்கும்போதே ஆராய்ச்சிக்குன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. இவங்க ஒன்றரை நாள் கழிச்சுத் தந்திருக்காங்க! நல்ல மூளையைக் கெடுத்துட்டாங்களே! ஒரு கையெழுத்துப் போட அப்படியா ஆள் கிடைக்கல? எங்க போய்த் தொலைஞ்சாங்களாம்?"

பேராசிரியை டப்பாவின் மூடியை மெதுவாக அழுத்தி மூடினார்.

"அப்பா சும்மா சும்மா கூப்பிடுவார்னு ஃபோனை அணைச்சு வெச்சுட்டு, மூளையை எவ்வளவு சீக்கிரம் எடுத்து உறைய வைக்கணும்னு மாநாட்டு மேடையில பேசிட்டு இருந்தேன்" என்றார்.