கல் கேட்ட கெட்டி மேளம்

ஆய்வகத்து உலைக்குள் பாதி உருகிய கல் ஒன்று ஆறு ஆண்டுகளாக அழுத்தத்தில் வெந்துகொண்டிருந்தது. அதனுள் ஒலி எப்படிப் போகிறது என்று அளந்தார்கள். அந்த அளவு கெடக்கூடாதென்று, ஆய்வகம் இருந்த சேலத்துத் தெருவில் பேருந்துகூட ஊர்ந்துதான் போகும். கல்யாண மேளம் விருந்தாளிகளின் காதில் மாட்டிய கருவிக்குள் மட்டுமே கேட்கும்.

கல்லைப் பார்த்துக்கொள்ளும் செங்கமலத்துக்கே அன்று கல்யாணம். மண்டபம் ஆய்வகத்துக்கு எதிரே இருந்தது. வெளியூர்த் தவில்காரர் கலியமூர்த்தி, சொல்லிவைத்தபடி தவிலைத் தடவுவதுபோல வாசித்தார். மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் புரோகிதர் தாழ்ந்த குரலில், "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்றார். நாற்பது வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? கலியமூர்த்தி வெளுத்து வாங்கிவிட்டார். தரை அதிர்ந்தது.

"போச்சுங்க, கல்லு போச்சு!" மனைவியானதும் கணவனிடம் செங்கமலம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

தலைமை ஆய்வாளர் ஹெப்சிபா எதிர்ப்பக்கத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். கலியமூர்த்தி கும்பிட்டபடி எழுந்தார்.

"மறந்து அடிச்சுட்டேம்மா."

"அய்யா, கல்லுக்கு ஒண்ணும் ஆகல. எங்க கருவி அதுக்குள்ள அனுப்புறதெல்லாம் கீச்சுக்குரல்தான். பூகம்பம் மாதிரி கனமான அதிர்வு கல்லுக்குள்ள எப்படிப் போகும்னு இப்பத்தான் பார்த்தோம். நாளைக்கும் வருவீங்களா?"

"நாளைக்கு யாருக்கும்மா கல்யாணம்?"

"கல்லுக்குத்தான்," என்றாள் செங்கமலம், கண்ணைத் துடைத்து மாலையைச் சரிசெய்தபடி. "பொண்ணு வீடு நாங்கதான். சாப்பாடு உண்டு, வந்துடுங்க."