முப்பத்தொன்றாவது அழைப்பு

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சாப்பாட்டு மேசைமேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. நடுவில் ஓர் இளநீல உறை. அனுப்பியவளும் அவள்தான், பெற்றவளும் அவள்தான். தெரிந்தவர்களை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்து பிளாஸ்டிக் டப்பா விற்கக் கற்றுக்கொடுத்த மேடம், "முப்பது பேருக்குத் தபால் போட்டா, முப்பத்தொண்ணாவதை உன் பேருக்கே போடு. மத்தவங்க கைக்கு எப்படிப் போய்ச் சேருதுன்னு அப்பத்தான் தெரியும்" என்று சொல்லியிருந்தார். மூலை நசுங்கிய உறையைக் கிழித்து அழைப்பு அட்டையை எடுக்கிறாள். அச்சடித்த வரிகளுக்குக் கீழே, எல்லோருக்கும் எழுதிய அதே வரி, அவள் கையெழுத்தில்: 'நீங்க வந்தாத்தான் இந்த வீடே நிறையும்.' அவளுக்கு இப்படி யாரும் எழுதியதில்லை. அந்த வரியை மறுபடி வாசிக்கிறாள்.

தண்ணீர் குடிக்க வந்த கணவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறான்.

"உன்னை மாதிரியே இன்னொருத்தி கிளம்பிட்டாளா? டப்பாவைத் தலையில கட்டத்தான் இப்படி உருகியிருக்கா. ஏதாவது சாக்கு சொல்லிடு."

"எழுத்தைப் பாத்தா அப்படித் தெரியலையே."

அவன் இன்னொரு தரம் பார்க்கிறான். "எல்லாருக்கும் இதையேதான் எழுதியிருப்பா" என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறான்.

அட்டையின் அடியில் இரண்டு கட்டங்கள்: வருகிறேன், வர இயலாது. கம்பி நிழல் ஒன்று மெல்ல நகர்ந்து அவள் விரல்மேல் ஏறுகிறது. மூடி திறந்த பேனா இரண்டுக்கும் நடுவே அப்படியே நிற்கிறது.