கிளறியும் கிடைக்காதது

ஆலையில் செத்தவர்களின் பட்டியலைக் கிழித்து யாரோ குப்பையில் போட்டிருந்தார்கள். அது குப்பை பொறுக்கும் குருவம்மாளின் சாக்குக்குள் போனதுவரை விசாரணை அதிகாரிக்குத் தெரியும். அங்கிருந்து யார் கைக்குப் போனது என்றுதான் மூன்று நாளாகக் கேட்கிறார். அவள் அவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவர் சலித்துப்போய், அறிக்கையில் அவள் முகத்தை ‘இன்ஸ்க்ரூட்டபிள்’ என்று எழுதச் சொன்னார்.

“என்னைய என்னன்னு எழுதுறீங்க?” மூன்று நாளில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

தட்டச்சர் வேதமுத்து தடித்த அகராதியைப் புரட்டினார். “எவ்வளவு துருவினாலும் பிடிபடாததுன்னு அர்த்தம்மா. லத்தீன்ல கந்தல், குப்பைக்கு ஒரு சொல் இருந்துச்சாம். அதைக் கிளறித் தேடுறதுலேர்ந்து வந்ததுன்னு போட்டிருக்கு.”

“அப்போ அது எங்க வார்த்தை. நல்லா எழுதிக்கோங்க.”

அதிகாரிக்கு முகம் சிவந்தது. பட்டியலின் ஒரு துண்டாவது சிக்காதா என்று அவளுடைய சாக்கை மேசைமேல் கவிழ்த்து, குவியலுக்குள் வெறுங்கையை விட்டார். குப்பை பொறுக்குகிற எவரும் முதலில் கையை விடுவதில்லை, கொக்கியைத்தான் விடுவார்கள். அவளுடைய கொக்கியை ஆயுதம் என்று முதல் நாளே பிடுங்கிப் பூட்டிவைத்தவரும் அவர்தான். உடைந்த கண்ணாடி விரலை ஆழமாகக் கிழித்தது.

குவியலிலிருந்து வெளுத்த கந்தல் ஒன்றை உருவி, குருவம்மாள் அவர் பக்கம் தள்ளினாள்.

“கட்டிக்கிட்டு இன்னும் கிளறுங்க சார். நான் இங்கனதான் இருக்கேன்.”