பதினாலாம் நம்பர் மனை

"அந்தம்மா இன்னிக்கும் வந்துகீதுண்ணே."

வேன் டிரைவர் லோகு கண்ணைக் காட்டிய பக்கம் பாக்கியராஜ் திரும்பிப் பார்த்தான். மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் சாராள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் சுகிர்தா. கையில் அதே பெரிய பை.

மனை பார்க்க இலவச வேன், மதியம் இலவச பிரியாணி என்று கம்பெனி நோட்டீஸ் அடித்திருந்தது. சாராள் வருவது இது ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை. அந்தம்மா மனை வாங்குகிற வழியாக இல்லை.

"சோத்துக்கு வர்ற கேஸுண்ணே. பையப் பாரு. தெருவுக்கே அள்ளிக்கினு போவும் போல."

பாக்கியராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. செங்கல் சூளையில் கல் சுமந்து, வாயை மட்டுமே மூலதனமாக வைத்து, மனை விற்கிற இந்த வேலைக்கு வந்தவன் அவன். பட்ட அடிக்கு இனி யாரிடமும் ஏமாறுவதில்லை என்று இருப்பவன். இந்த மாசம் ஒரு மனைகூடப் போகவில்லை. முதலாளி காலையிலேயே போனில் காய்ச்சி எடுத்திருந்தார்.

"சைட்டுல வெச்சு நாலு கேள்வி கேக்கறேன். இன்னியோட சரி."

வேன் ஊத்துக்கோட்டை ரோட்டில் திரும்பியது. அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டுகள் முதுகுப் பக்கம் சிறுத்துக்கொண்டே போய், ஒரு வளைவில் காணாமல் போயின. ஜன்னலோரம் சாராள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள், புதுத்துணியை முகர்கிற மாதிரி.

சைட் வெட்டவெளி. நட்ட கல், வெள்ளை பெயின்ட், வானம்.

பாக்கியராஜ் கம்பெனி போட்ட பந்தலில் நின்று வழக்கமான பாட்டைப் பாடினான். "காத்தைப் பாருங்க சார்! மனைக்குத்தான் காசு, காத்து ஃப்ரீ!"

மனை பார்க்க வேனில் வந்திருந்த, ரயில்வேயில் ரிடையரான அப்பாவு சிரித்தார். "காத்து கெடக்குது நைனா. டப்பு எவ்ளோ, அத்தச் சொல்லு."

சாராள் பந்தலில் நிற்கவில்லை. மகளோடு கடைக்கோடிக்கு நடந்தாள். விடக்கூடாது என்று பாக்கியராஜ் பின்னாலேயே போனான்.

வேப்பமரத்தை ஒட்டிப் பதினாலாம் நம்பர் மனை. எல்லைக்கல்லுக்கு வெளியே சாராள் செருப்பைக் கழற்றி விட்டாள். வாசப்படி தாண்டுகிற மாதிரி காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"இது அடுப்படி. ஜன்னல் இங்க. சுகி, அது உன் ரூம்பு. சுவத்துல இடிச்சுக்கினு நிக்காத, தள்ளி வா."

"கதவு எங்கம்மா?"

"இந்தா, இங்க."

சுகிர்தா சிரித்துக்கொண்டே, இல்லாத கதவைத் திறந்து நுழைந்தாள். ஒரு நிமிஷம் பாக்கியராஜுக்கே அந்த வீடு தெரிந்தது. நீலக் கதவு. உள்ளே தாளிக்கிற வாசனைகூட வந்தது. தலையை உலுக்கிக்கொண்டான்.

"இன்னாம்மா, அட்வான்ஸ் எப்ப?"

சாராள் திடுக்கிட்டாள். உடனே சுதாரித்துக்கொண்டாள். "சதுர அடிக்கு நூறு கொறைச்சுக்கோ தம்பி, பாக்கலாம்."

"போன வாரம் அம்பதுன்ன?"

"போன வாரம் நீ ரோடு போடறேன்ன. போட்டியா?"

பேரத்தில் அவனுக்குச் சரியான ஜோடி. எரிச்சல் இன்னும் ஏறியது.

"இந்தா பாரும்மா. வாங்கற மூஞ்சி எது, வாங்காத மூஞ்சி எதுன்னு எனக்குத் தெரியும். பையில எத்தினி டப்பா கொண்டாந்துகீற? தொற!"

சாராள் பையை நெஞ்சோடு அணைத்தாள். அவன் போட்ட சத்தத்தில் பந்தலில் இருந்தவர்களெல்லாம் எழுந்து பார்த்தார்கள்.

"தொறம்மான்றேன்!"

திறந்தாள். டப்பா இல்லை. பிழிந்து சுருட்டிய ஈரத்துணி. வெள்ளையில் இரண்டு நர்ஸ் யூனிஃபார்ம்.

"பொண்ணு நர்ஸிங் படிக்குது தம்பி." அந்தக் குரலில் இப்போது பேரம் இல்லை. "எங்க தெருவுல கொடியில போட்டா, காயறதுக்குள்ள சாம்பல் விழுந்துடுது. உள்ள போட்டா ஈர நாத்தம். அழுக்கா கீதுன்னு ரெண்டு தபா வார்டுக்குள்ள வுடல. இன்னொரு தபான்னா பரீட்சை எழுத முடியாதாம். வேற பக்கம் ஊடு பாத்தா, வாடகைக்கே எங்க சம்பளம் பத்தல. அதான்... அடுத்த வாரம் வரல தம்பி. இன்னிக்கு மட்டும் காய வெச்சிக்கறேன்."

சுகிர்தா மெல்லச் சொன்னாள்: "காத்து ஃப்ரீன்னு நீங்கதானண்ணா சொன்னீங்க?"

பாக்கியராஜ் ஈரத்துணியைப் பார்த்தான், வேப்பமரத்தைப் பார்த்தான்.

விறுவிறுவென்று பந்தலுக்குப் போனான். "கயிறு எங்கடா? நிக்கறான் பாரு, மரமாட்டம்!" என்று லோகுவின் மேல் எரிந்து விழுந்தான். கயிற்றைக் கொண்டுவந்து வேப்பமரத்துக்கும் கம்பெனிக் கொடிக்கம்பத்துக்கும் இழுத்துக் கட்டினான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சாராள் துணியை உதறிப் போட்டாள். காற்று அதை வாங்கிக்கொண்டது.

அப்பாவு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நைனா, நெழலோட கீது, இத முடிச்சிடு. பேரமே வேணாம். இப்பவே அட்வான்ஸ் புடி."

லோகுவுக்குக் கண் விரிந்தது. சாராள் கயிற்றிலிருந்து கையை எடுத்தாள். இன்னும் ஈரமாயிருந்த துணிகளில் ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

பாக்கியராஜ் பக்கத்து மனையைக் கை காட்டினான்.

"பதினஞ்சப் பாருங்க சார். இது போயிடுச்சு."

"போயிடுச்சா? காலியாத்தான கீது?" அப்பாவு கல்லைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தார்.

"காலியா? கொடியில துணி காயுது, கண்ணு தெரியல? ஆளு குடிவந்தாச்சு சார். மொதல்ல செருப்ப வெளிய வுடுங்க!"