ஆளுநரின் பிரதி

ஆளுநர் செண்பகராமன் வக்கீலாகத் தொடங்கி, மூன்று முறை சட்டமன்ற உறுப்பினராகி, ஒருமுறை அமைச்சராகவும் இருந்தவர். பழைய முறைகளை விடமாட்டார்; ஆனால் யாரையும் கடிந்து பேசமாட்டார். அதனால் எதிர்க்கட்சிக்காரர்கள்கூட அவரை மதித்தார்கள். அவருடைய நாற்பதாண்டுப் பேச்சையும் சட்டசபையில் போட்ட ஓட்டுகளையும் கற்றுக்கொண்ட கணினிப் பிரதி ஒன்றுதான் இப்போது ஆளுநர் மாளிகைக் கோப்புகளில் அவர் பெயரால் முடிவெடுத்தது.

அன்று காலை அந்தோணியம்மாள் என்ற பெண் அவரைப் பார்க்க வந்தாள். பதினெட்டு வருடமாகச் சிறையில் இருக்கும் அவள் மகனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்திருந்தன. அவனை விட்டுவிடும்படி முன்பே மனு அனுப்பியிருந்தாள்; பதில் வராததால் நேரில் கேட்டாள். மனுவை இரண்டு முறை படித்த செண்பகராமன், அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் செயலாளர் வசந்தனை அழைத்தார்.

"இவங்க பையனை விட்டுடலாம். உத்தரவு தயார் பண்ணுங்க."

"சார், போன வாரமே பிரதி நிராகரிச்சிடுச்சு. முன்கூட்டியே விடுதலை கூடாதுன்னு நீங்க சட்டசபையில ஓட்டுப் போட்டிருக்கீங்க."

"அப்ப தேர்தல் நெருங்கிட்டு இருந்துச்சு. பயந்துதான் போட்டேன்."

"அதுக்கு ஓட்டு தெரியும் சார், பயம் தெரியாது."

"மேல்முறையீடு?"

"அதுவும் அதுகிட்டதான் போகும். அதோட முடிவை நீங்களே மாத்தவும் விதியில இடமில்ல சார்." வசந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

செண்பகராமன் தாமே வெளியே போனார். அந்தோணியம்மாள் கைகூப்பி எழுந்தாள்.

"மனு தள்ளுபடி ஆயிடுச்சும்மா."

"யாருய்யா தள்ளுனது?"

பிரதி என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அந்த ஓட்டைப் போட்ட கை அவருடையதுதான்.

"நான்தான்மா" என்றார்.

அவளுக்கு அது விளங்கவில்லை போலும். கூப்பிய கையை இறக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.